ஒட்டுக் காகிதத்தில் அழிந்த ஊர்

நான் முன்பு வேலை பார்த்த புள்ளிவிவரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் போன மாதம் என்னைப் பார்க்கத் திண்டுக்கல் பேகம்பூருக்கு வந்திருந்தீர்கள். பிரியாணி பிரமாதம் என்று என் மனைவியிடம் சொன்னீர்கள். அது கடையில் வாங்கியது. அவளும் மறுக்காமல் சிரித்து வைத்தாள். கிளம்பும்போது உங்களில் ஒருவர், செருப்பை மாட்டிக்கொண்டே, ஒரு கேள்வி கேட்டார்.

“சார், பொறப்பு இப்படியே கொறஞ்சுக்கிட்டே போனா மனுச இனமே ஒருநாள் இல்லாமப் போயிருமா? நான் கம்ப்யூட்டர்ல கோடு போட்டுப் பாத்தேன். அப்படித்தான் வருது.”

“பாத்துப் போங்க, வாசல்ல சாக்கடை மூடி ஒடஞ்சிருக்கு” என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. கேள்வி காதில் விழுந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது, அதுதான் காரணம். ஏனென்றால் நானே ஒரு காலத்தில் அப்படிக் கோடு போட்டு, வடமதுரைப் பக்கம் ஓர் ஊரை அடியோடு அழித்தவன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் என்னை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அது நல்ல விதமான ஞாபகம் அல்ல. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தக் கதைதான். செருப்பு மாட்டும் நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. கிராஃப் தாள், பென்சில், மர ஸ்கேல், பிசின் புட்டி, இவைதான் எங்கள் ஆயுதங்கள். ஒவ்வோர் ஊரின் பிறப்புப் பதிவேட்டிலிருந்தும் எண்ணிக்கை வரும். கூட்டுவோம், கோடு போடுவோம், மேலே அனுப்புவோம். அந்தக் காலத்தில் அழிவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் நேர் எதிர்ப் பக்கம். திண்டுக்கல்லில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். எந்த மேடையிலும் ஜனத்தொகை வெடிப்பு. நாங்களும் அதை முழுசாக நம்பினோம். பஸ் ஸ்டாண்டில் வண்டியில் இடம் கிடைக்கவில்லை என்றால்கூட நாட்டின் ஜனத்தொகையைத்தான் திட்டுவோம், டிரைவரைத் திட்ட மாட்டோம்.

எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். அவர் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார், அதனால் எழுதவில்லை. வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு இருக்கும். கோபம் வந்தால் அதைக் கடிப்பார். அந்தச் சத்தத்தை வைத்தே நாங்கள் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு கணக்குக்கு ஒரு கிராஃப் தாள்தான் கொடுப்பார். கோடு தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் அதோடு சரி. இன்னொரு தாள் கேட்டால், “தாள் முடிஞ்சா கோடும் முடிஞ்சுச்சு பாய், போயி வேற வேலையப் பாரு” என்பார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த வருஷம் அவர் கண் ஆபரேஷனுக்கு லீவில் போனார். பொறுப்பு என் கைக்கு வந்தது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தோல் மண்டியில் கணக்கு எழுதிய அத்தாவுக்கு மகன் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறான் என்று பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை. அந்தச் சமயம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகிற இருபத்தைந்து வருஷத்தில் எந்த ஊரில் எவ்வளவு பிறப்பு இருக்கும், எங்கே கிராம நர்ஸ் தேவை, எங்கே தேவையில்லை என்று அறிக்கை கேட்டிருந்தார்கள்.

அலமாரிச் சாவி என்னிடம்தானே? எத்தனை தாள் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் திண்டுக்கல் நகரத்துக்குக் கோடு போட்டேன். அது ஏறியது, ஏறிக்கொண்டே போனது. தாளின் மேல் விளிம்பைத் தாண்டியதும் இன்னொரு தாளைப் பிசின் போட்டு மேலே ஒட்டினேன். அதையும் தாண்டியது. மலைக்கோட்டை மேலேகூட நிற்க இடமிருக்காது என்று ஒரு வரி எழுதி, அதை நானே ரசித்தேன்.

பிறகு வடமதுரைப் பக்கத்துக் கிராமங்கள். அதில்தான் அந்த ஊர் வந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டில் பக்கம் நிறையப் பெயர்கள். வருஷம் ஆக ஆகக் குறைந்து, கடைசி வருஷத்தில் மூன்றே பிறப்பு. ஸ்கேலை வைத்து இழுத்தேன். கோடு இறங்கிக்கொண்டே தாளின் வலது விளிம்புக்கு வந்தது. பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் அது பூஜ்ஜியத்தைத் தொட்டது. சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் வட்டம் போட்டு, ‘இதன்பின் இவ்வூரில் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை’ என்று எழுதினேன். அதோடு விட்டேனா? இருக்கிறவர்கள் எல்லாரும் வயதாகி ஒவ்வொருவராகப் போனால் ஊர் எப்போது காலியாகும் என்றும் கணக்குப் போட்டு, கடைசி ஆள் போகிற வருஷத்தையும் குறித்தேன்.

அப்போது நாங்கள் வடமதுரையில் வாடகைக்கு இருந்தோம். நான் தினமும் பஸ்ஸில் திண்டுக்கல் போய் வருவேன். ஒட்டிய தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் விரித்துக் காட்டினேன். எட்டு மாதக் கைக்குழந்தையான எங்கள் மூத்த மகள் அவள் தோளில் இருந்தாள்.

“அப்ப அந்த ஊர்க்காரவுகள்லாம் எங்க போவாக?” என்று மனைவி கேட்டாள்.

“எங்கயும் போக மாட்டாங்க. தீந்து போவாங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மேலிடத்தில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கொண்டாடினார்கள். பெரிய அதிகாரி எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். முடிவும் உடனே எடுத்தார். அந்த ஊரில் இருக்கும் துணை சுகாதார நிலையத்தை மூடி, நர்ஸைத் திண்டுக்கல் நகரத்து ஓரத்துக்கு மாற்ற வேண்டும். பிள்ளையே பிறக்காத ஊருக்கு நர்ஸ் எதற்கு? வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதற்கு ஒப்புதல் வாங்குவது என்று தீர்மானமானது.

இங்கே ஒரு சின்ன இடறல் வந்தது. அந்த ஊர் நர்ஸின் பெயர் ஜெசிந்தா. திண்டுக்கல் மேட்டுப்பட்டிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம், தகப்பனார் பள்ளி வாத்தியார். வயதில் என்னைவிட நாலைந்து வருஷம் மூத்தவர். அவர் அனுப்பிய தடுப்பூசிக் கணக்கைப் பார்த்தால், ஒரு வயதுக்குக் கீழே இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்ததாக இருந்தது. பதிவேட்டில் பிறப்பு மூன்று. சொட்டு மருந்து குடித்தது இருபத்திரண்டு.

நான் இதைப் பார்த்ததும் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்தது வேறு. நர்ஸ் பொய்க்கணக்கு எழுதுகிறார் என்று குறிப்பு எழுதினேன். ஊசி போட்டதாகக் கணக்குக் காட்டி ஏமாற்றுகிற ஆட்கள் எல்லா இடத்திலும் உண்டு, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். என் கோடு அவ்வளவு அழகாக இருந்தது. அதைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை, பத்தொன்பது பிள்ளைகளைச் சந்தேகப்பட வந்தது. என் குறிப்பை வைத்து ஜெசிந்தாவுக்கு மெமோ போனது. பொய்ப் பதிவு செய்ததற்காக ஏன் தற்காலிக நீக்கம் செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதுவும் சேர்ந்தே முடிவாகும்.

செவ்வாய்க்கிழமை என் அதிகாரி லீவு முடிந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“பூஜ்ஜியத்தத் தொட்டுருச்சா?”

“ஆமா சார்.”

“அதுக்கு அடுத்த வருசம் கோடு எங்க போகுது? மைனஸ் ரெண்டு பிள்ள பொறக்குமா?”

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். நான், அது சும்மா கணக்குக்காக என்று ஏதோ முனகினேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டி, சொட்டு மருந்துக் கணக்கையும் மெமோ நகலையும் படித்தார். கிராம்பு கடிபடும் சத்தம் கேட்டது.

“ஏன் பாய், பொறந்தது மூணு, மருந்து குடிச்சது இருபத்தி ரெண்டு. ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு நீ எப்படி முடிவு பண்ணுன?”

“நர்ஸ் எழுதுனதுதான் சார் தப்பு. கோடு பத்து வருசமா ஒரே மாதிரி எறங்குது.”

“போயிப் பாத்தியா?”

“இல்ல சார்.”

“நாளைக்குப் புதன்கிழம. ஊசி போடற நாளு. போயிட்டு வா.” திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒட்டிய தாள் இருந்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன். ஊசி போடும் இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அழுகைச் சத்தம் ரோட்டுக்கே வந்தது. ஒற்றை அறைக் கட்டடத்தின் வாசலில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் பார்வையிலேயே கைப்பிள்ளைகள் பதினொன்றை எண்ணினேன். அப்போதாவது என் புத்தி திரும்பியிருக்க வேண்டும். நானோ நேரே ஜெசிந்தாவிடம் போய், கொஞ்சம் அதிகாரக் குரலிலேயே கேட்டேன்.

“பக்கத்து ஊர்லருந்து பிள்ளைகளக் கூட்டியாந்து நிறுத்திருக்கீங்களா?”

அவர் நிமிரவில்லை. “கையில ஊசி இருக்கு சார். செத்த நேரம் சும்மா இருங்க” என்றார்.

சும்மா நின்றேன். அவர் கடைசிப் பிள்ளை வரை முடித்து, கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். மருந்துப் பெட்டிக்கு அடியிலிருந்து மெமோவை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர் கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

“பதினோரு வருசமா இந்த ஊர்ல இருக்கேன் சார். பொய்யின்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்கதான் மொத ஆளு.” மெமோவை என் பக்கம் தள்ளினார். பிறகு கேட்டார். “உங்களுக்குப் பிள்ள இருக்கா?”

“ஒரு பொண்ணு. எட்டு மாசம்.”

“எங்க குடியிருக்கீங்க?”

“வடமதுரைல.”

“பிள்ள எங்க பொறந்துச்சு?”

“திண்டுக்கல்ல. தலப்பிரசவம், அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. அங்கன ஒரு ஆஸ்பத்திரில.”

“பதிஞ்சது?”

“திண்டுக்கல்ல.”

“அப்ப வடமதுரக் கணக்குல உங்களுக்குப் பிள்ளையே பொறக்கல சார்” என்றார்.

பிறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் படித்த விதி அது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விதி. என் மகளின் சர்டிபிகேட்டை நானே வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறேன். தாயார் வழக்கமாகக் குடியிருக்கும் ஊர் எது என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. எண்ணிக்கையைக் கூட்டும்போது அந்தக் கட்டத்தை நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஜெசிந்தா என்னை வீடு வீடாகக் கூட்டிப் போனார். எல்லா வாசலிலும் ஒரே பதில்தான். தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். ரெண்டாவது திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில். முன்பெல்லாம் இந்த ஊரில் பிரசவம் வீட்டிலேயே நடந்தது, அதனால் பதிவேட்டில் பெயர்கள் நிறைய இருந்தன. ரோடு வந்து, பஸ் வந்த பிறகு, வலி எடுக்குமுன்னே பெண்களை நகரத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தது ஜெசிந்தாதான். அப்படிச் சேர்த்ததால் பிரசவத்தில் தாய் சாவது அந்த ஊரில் நின்றே போயிருந்தது. அவர் எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு என் தாளில் அந்த ஊர் அழிந்துகொண்டு வந்திருக்கிறது. மேலே ஏறிய திண்டுக்கல் கோட்டிலும் இதே பிள்ளைகள்தான் இருந்தார்கள். ஒரே பிள்ளையை ஓரிடத்தில் வெடிப்பு என்றும் இன்னோரிடத்தில் அழிவு என்றும் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறேன்.

முத்துலட்சுமி என்று ஒரு பெண். ஜெசிந்தாவுக்கு மெமோ வந்தது ஊருக்கே தெரிந்திருந்தது. அவள் தன் மூன்று மாதப் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டாள்.

“இந்தாங்க, புடிங்க. பொய்யி, பொய்யின்னு எழுதுனீகளாமே, தூக்கிப் பாத்துச் சொல்லுங்க. பிள்ளைய எங்க பெத்தா என்னா சார், வளக்கறது இங்கதான? நர்சம்மாவ மாத்திட்டா ராத்திரி காச்ச வந்தா யார எழுப்புவோம்? உங்களயா?”

பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை. முறைத்துப் பார்த்தது. பிறகு சட்டையும் கக்கத்திலிருந்த ஃபைலும் சேர்ந்து நனையும்படி ஒன்றுக்குப் போனது. பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மெமோ வாங்கிய ஜெசிந்தாவும் சிரித்துவிட்டார். நான் ஃபைலைத் திறந்து உதறினேன். பிசின் இளகி, பூஜ்ஜியத்தோடு ஒட்டுத் தாள் தனியாகக் கழன்று விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அன்று சாயந்திரம் வரை இருந்து, இருபத்திரண்டு பிள்ளைகளையும் பார்த்தேன். ஜெசிந்தாவின் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் போட்டேன். அவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாள் கூட்டத்தில் என்னை யாரும் காப்பாற்றவில்லை. என் அதிகாரி பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அறிக்கை பிரதியெடுத்து எல்லோர் கையிலும் இருந்தது. என் பெயர் முதல் பக்கத்தில். நான் எழுந்து, அந்தக் கோடு தப்பு, நகரத்துக் கோடும் தப்பு, நர்ஸ் எழுதிய கணக்குத்தான் சரி, மெமோவை ரத்து செய்ய வேண்டும் என்று சொன்னேன். பெரிய அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது.

“ஒண்ணு தப்புன்னீங்க. இப்ப ரெண்டும் தப்புங்கறீங்க. இந்த ரிப்போர்ட்ல என்னதான்யா மிச்சம்?”

“என் கையெழுத்துதான் சார் மிச்சம்” என்றேன். குறும்புக்காகச் சொல்லவில்லை, பயத்தில் வாயில் வந்துவிட்டது.

ஜெசிந்தாவின் மெமோ ரத்தானது. துணை நிலையமும் அங்கேயே இருந்தது. மெமோ என் பக்கம் திரும்பியது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பின்னால் போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வருத்தப்பட்டேன். வெளியே வந்ததும் என் அதிகாரி அலமாரிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “சட்டையத் தொவச்சியா இல்லையா, வாட வருது” என்றார். அது வேறு சட்டை. அவருக்கும் அது தெரியும். அவர் பேச்சில் பாசம் அந்த மாதிரிதான் வரும். அவர் போய் இத்தனை வருஷம் ஆகியும், கிராம்பு வாசம் வந்தால் நான் இன்றும் நிமிர்ந்து உட்காருகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாய் குடியிருக்கும் ஊரை வைத்து எல்லாக் கணக்கையும் திருப்பிப் போட்டோம். நானும் இன்னும் இருவரும், இரண்டு மாதம். போட்டு முடித்தபோது ஒன்று தெரிந்தது. நான் சொன்ன அளவுக்கு இல்லாவிட்டாலும், பிறப்பு உண்மையிலேயே குறைந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் மட்டும் அல்ல, எல்லா ஊரிலும். நாலு, அஞ்சு என்று பெற்ற வீடுகளில் அடுத்த தலைமுறை இரண்டோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே பிறப்புக் குறைகிறது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் குறைகிறது என்பது வேறு, அழிகிறது என்பது வேறு. இன்று பிறந்த பிள்ளைகளை எண்ணினால், அஞ்சு வருஷம் கழித்து ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்துக் கல்யாண வயதில் எத்தனை பேர் என்றும் ஓரளவு சொல்லலாம். அவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள், வளர வேண்டியதுதான் பாக்கி. அதற்கு மேலே போனால், இன்னும் பிறக்காத பெண்கள் எத்தனை பிள்ளை பெறுவார்கள் என்று நாம் முடிவு செய்கிறோம். அவர்களுடைய அம்மாவே இன்னும் பிறந்திருக்க மாட்டாள். ஸ்கேலை வைத்து நேர்கோடு இழுத்தால் ஒருநாள் பூஜ்ஜியம் வரும். தலைமுறைக்குத் தலைமுறை பாதி என்று போட்டால் பூஜ்ஜியம் வரவே வராது, கடைசியில் அரை மனிதன், கால் மனிதன் என்று நிற்கும். இரண்டும் நம் பென்சில் செய்கிற வேலை. மனித இனம் அழிகிற வரை கோட்டை இழுக்க வேண்டுமென்றால், வீடு காலியாகிக்கொண்டே வருவதைப் பார்த்தும் தலைமுறை தலைமுறையாக ஒருவரும் மனசு மாறமாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அஞ்சிலிருந்து இரண்டுக்கு வரும் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை, சிவப்பு முக்கோணம் வரைந்தவர்கள் உட்பட. பெண்கள் மாறினார்கள், கோடு பின்னால் போனது. மறுபடி மாற மாட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், மாறுவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். மனிதனுக்கு முடிவு நோயால் வரலாம், சண்டையால் வரலாம், வெயிலால் வரலாம். அதெல்லாம் பிறப்புப் பதிவேட்டில் எழுதியிருக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் எனக்கு இருக்கும் ஒரே குறை, அதில் தாள் தீர்வதே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டாயிரத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. எனக்குக் கண்காணிப்பு வேலை போட்டார்கள். அந்த ஊரை நானே கேட்டு வாங்கினேன். என் தாளில் பூஜ்ஜியத்துக்குச் சிவப்பு வட்டம் போட்ட காலம் வந்துவிட்டிருந்தது. பிப்ரவரி மாதம், காலை வெயில், அதே பஸ், அதே நிறுத்தம். ஜெசிந்தா நிலையத்து வாசலில் நின்றிருந்தார். தலையில் கொஞ்சம் நரை. என்னைப் பார்த்ததும், “வாங்க சார். நல்லா எண்ணுங்க, ஒண்ணையும் விட்டுறாதீக” என்றார்.

கணக்கெடுக்கும் டீச்சரோடு நானும் வீடு வீடாகப் போனேன். முத்துலட்சுமி வீட்டு வாசலில் ஆறு வயதுப் பெண் ஒன்று, பள்ளிக்கூடச் சீருடையில், இரட்டைச் சடையோடு நின்றது. என் சட்டையை நனைத்த பிள்ளை அது என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

“ஒம் பேரென்ன?”

“பாண்டிச்செல்வி. ஒண்ணாப்புப் படிக்கிறேன்.”

“அம்மா எங்க?”

“திண்டுக்கல் பெரியாஸ்பத்திரில. நேத்துத் தம்பிப் பாப்பா பொறந்துருச்சு. அப்பாவும் அங்கதான் இருக்கு.” உள்ளே போய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டியது. நான் குடித்து முடிக்கும்வரை டீச்சர் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. “என்னைய எழுதிட்டீகளா?”

“எழுதிட்டோம்.”

“தம்பிய?”

டீச்சர் தயங்கினார். “பிள்ளை இன்னும் ஊருக்கே வரலையே சார், அங்க எழுதிக்குவாங்கல்ல?” என்றார்.

“அதோட வீடு இதுதான?” என்று கேட்டது பாண்டிச்செல்வி.

நான் டீச்சரிடமிருந்து படிவத்தையும் பேனாவையும் வாங்கினேன். வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, நானே எழுதினேன். பெயர் வைக்கவில்லை. ஆண். குடும்பத் தலைவருக்கு மகன். ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு வயதுக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட வேண்டும் என்பது விதி. போட்டேன். பாண்டிச்செல்வி குனிந்து, எழுதியாயிற்றா என்று பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.